அப்டேட்டா, அட்டவணையா? ஒரு தேயிலை மரபணு ஃபைலின் நிகழ்வு ஆய்வு

ஒரு மாணவியின் தேயிலை மரபணு ஆய்வு முடியும் தறுவாயில் கணினி மாறியது. புதுக் கணினியிலும் ஜெனலெக்ஸ் என்ற அதே ஆட்-இன் (எக்செல்லுக்குள் ஓடும் துணை மென்பொருள்), அதே 96 மாதிரிகள், அதே கட்டளை. விடை மட்டும் வேறு. குடித்தொகைகளுக்கு, அதாவது செடிக் கூட்டங்களுக்கு, இடையிலான வேற்றுமையின் பங்கு முன்பு வந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "அப்டேட்தான் கெடுத்துருச்சு அண்ணா" என்றார் மாணவி. மேற்பார்வையாளரும் அதையே நம்பி, மூலையில் கிடந்த பழைய கணினியை மறுபடி மேசைக்கு ஏற்றச் சொன்னார். ஆய்வுகூடத்தின் தரவுகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் ஃபைல் என்னிடம் வந்தது.

ஆய்வுகூடம் கண்டிக்கு அருகில் இருக்கிறது. மாணவி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். இதே அமைப்பிலான ஃபைல்களோடு பேராதனையிலும் பதுளையிலும் இன்னும் பலர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தரவு

தேயிலைச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது மிக அரிது. ஆகவே விதை போட்டு வளர்த்த மலையில் ஒவ்வொரு செடியும் வேறு வேறு. வி.பி. மலை அப்படியில்லை. ஒரு தாய்ச்செடியின் துண்டுகளை நாற்றுமேடையில் வேர்பிடிக்க வைத்து நடுவதால் மலை முழுக்க ஒரே செடியின் பிரதிகள்தான், அதாவது கிளோன். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியது விதைத் தேயிலையில். 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டிஆர்ஐ) பிற்காலத்தில் டிஆர்ஐ 2025 போன்ற கிளோன்களை வெளியிட்ட பிறகு, விதை மலைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு மறுநடுகை ஆயின. விளைச்சல் குறைந்த பழைய மலை என்று தோட்டத்தில் ஒதுக்கப்படுவதுதான் மரபணு பார்ப்பவர்களுக்குக் களஞ்சியம்.

மாணவி எடுத்தது நான்கு குடித்தொகைகள்: திம்புள்ள பக்கத்து விதை மலைகள் இரண்டு, ஊவாப் பக்கத்து விதை மலை ஒன்று, ஒப்பீட்டுக்கு வி.பி. கிளோன்கள். குடித்தொகைக்கு 24 வீதம் 96 மாதிரிகள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் தட்டில் 96 குழிகள் இருப்பதால் இந்தக் கணக்கு. மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்கள் (செடிக்குச் செடி நீளம் மாறும் டிஎன்ஏ இடங்கள்) 12. தேயிலை இருமடியம் என்பதால் ஒரு மார்க்கருக்கு இரண்டு எதிருருக்கள் (அதே இடத்தின் மாற்று வடிவங்கள்), ஆகவே அட்டவணையில் இரண்டு நிரல்கள்.

பகுப்பாய்வுக்கு ஜெனலெக்ஸ். அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ரொட் பீக்காலும் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்மவுஸும் உருவாக்கிய எக்செல் ஆட்-இன் இது. ஆறாம் பதிப்பு பற்றிய கட்டுரை 2006இலும் 6.5 பற்றியது 2012இலும் வந்தன. இலவசம், மெனுவிலேயே எல்லாம் இருக்கிறது, நிரல்மொழி தெரியாத மாணவரும் அன்று மாலையே ஒரு படம் வரைந்துவிடலாம். அதனால்தான் நம் பக்கத்தில் இது இத்தனை பேரிடம் இருக்கிறது.

அது எதிர்பார்க்கும் அட்டவணை அமைப்பு கறாரானது. முதல் நிரையில் மார்க்கர் எண்ணிக்கை, மாதிரி எண்ணிக்கை, குடித்தொகை எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு குடித்தொகையிலும் எத்தனை பேர். நம் ஃபைலில் 12, 96, 4, 24, 24, 24, 24. இரண்டாம் நிரையில் தலைப்பும் குடித்தொகைப் பெயர்களும். மூன்றாவதில் நிரல் தலைப்புகள். நான்காம் நிரையிலிருந்து தரவு: முதல் நிரலில் மாதிரியின் பெயர், இரண்டாவதில் குடித்தொகை, பிறகு எதிருருக்கள். தரவில்லாத இடத்தில் 0. ஒரு குடித்தொகையின் மாதிரிகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் முகம் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணிப் பிரிக்கிற கங்காணி மாதிரி, முதல் 24 நிரை ஒரு கூட்டம், அடுத்த 24 இன்னொரு கூட்டம். இந்தக் கதையின் மையம் அதுதான்.

சத்தம் போட்ட கோளாறு

பழைய கணினியில் இருந்தது 32-பிட் ஒஃபிஸ் 2010. அதற்கான ஆதரவு 2020 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. புதியதில் விண்டோஸ் 11, மைக்ரோசொஃப்ட் 365, 64-பிட். மின்னஞ்சலில் வந்த ஆட்-இன் ஃபைலைத் திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை: மேக்ரோக்கள் (எக்செல்லுக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்புகள்) தடுக்கப்பட்டுள்ளன. முன்பெல்லாம் மஞ்சள் பட்டை வரும், அதிலேயே அனுமதி கொடுக்கும் பட்டன் இருக்கும். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களுக்கு அந்த வசதியை 2022இல் எடுத்துவிட்டார்கள். மேக்ரோ வழியாகப் பரவும் தீநிரல்களைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்-இனைப் பென் டிரைவில் கொண்டுவந்து வைத்தால் ஒழுங்காகத் திறந்தது. உடனே "மெயிலில் வந்தது கரப்ட்" என்ற முடிவுக்கு வந்தார்கள். கரப்ட் ஒன்றும் இல்லை. இணையத்திலிருந்து வரும் ஃபைலோடு விண்டோஸ் ஒரு சிறு அடையாளத்தை ஒட்டி வைக்கிறது. வன்தட்டின் என்டிஎஃப்எஸ் அமைப்பில்தான் அது தங்கும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபாட்32 அமைப்பில் தங்காது, வழியிலேயே உதிர்ந்துவிடும். முறையான வழி, ஃபைலை வலது கிளிக் செய்து, பண்புகளில் தடையை நீக்கும் கட்டத்தில் டிக் போடுவது. ஆட்-இனுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை எக்செல்லின் நம்பகமான இடங்களில் சேர்ப்பது இன்னும் நல்லது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை முழுதாக நம்பகமான இடமாக்கும் பழக்கம் சில கணினிகளில் கண்ணில் படுகிறது. அது வேண்டாம்.

2016 ஜூலையிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு இணையத்தில் இறக்கிய பழைய எக்ஸ்எல்ஏ வகை ஆட்-இன்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மெனுவிலிருந்து காணாமல் போயின. அதற்கும் இதே மருந்துதான். 64-பிட் விவகாரம் வேறு வகை. விண்டோஸின் உள்வேலைகளை நேரடியாக அழைக்கும் பழைய மேக்ரோக்களில் அந்த அழைப்பு வரிகளைத் திருத்தி எழுதினால்தான் 64-பிட் ஒஃபிஸில் ஓடும், இல்லாவிட்டால் மேக்ரோவைப் புதுப்பிக்கச் சொல்லும் பிழைச் செய்தி வந்து நிற்கும். ஆய்வுகூடத்தில் பழைய மாணவர் ஒருவர் எழுதி வைத்த மேக்ரோ அப்படித்தான் நின்றது. மாணவி வீட்டில் போனில் திறந்து பார்த்ததில் எண்கள் தெரிந்தன, மெனு இல்லை. போன் எக்செல்லிலும் இணைய எக்செல்லிலும் இந்த வகை மேக்ரோ ஓடாது.

சரி, இதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் தீர்ந்த விஷயங்கள். ஓடாத மென்பொருள் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஓடி முடித்து அழகான அட்டவணை தந்ததுதான் சிக்கல்.

இரண்டு ஃபைல், இரண்டு கணினி

எண் மாறியதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முதல் சந்தேகம் தற்செயல் எண்கள் மீது. இந்தப் பகுப்பாய்வில் மாதிரிகளை 999 தடவை கலைத்துப்போட்டு நிகழ்தகவைக் கணிக்கிறோம். ஒவ்வோர் ஓட்டத்திலும் கலைப்பு வேறாக இருப்பதால் பி மதிப்பு எனப்படும் அந்த நிகழ்தகவு கொஞ்சம் ஆடும். வரக்கூடிய மிகச் சிறிய மதிப்பு 0.001, அதாவது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் குடித்தொகைகளுக்கு இடையிலான பங்கு கலைப்பதற்கு முன்பே உள்ள தரவிலிருந்து கணிக்கப்படுவது. அது ஆடவே கூடாது. ஆகவே அந்தக் காரணம் அடிபட்டது.

தசமப் புள்ளி இன்னொரு சந்தேகம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் கணினி அமைப்பில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும், எண்கள் எழுத்தாகிவிடும். இங்கே இரண்டு கணினியிலும் புள்ளிதான்.

இனி ஊகித்துப் பயனில்லை என்று குறுக்குச் சோதனை செய்தோம். பழைய கணினியின் வன்தட்டில் முதல் தடவை ஓட்டிய ஃபைல் அப்படியே இருந்தது. அதைப் புதுக் கணினியில் ஓட்டினால் பழைய விடை கடைசித் தசமம் வரை அப்படியே வந்தது. பி மதிப்பு மட்டும் நுனியில் ஆடியது. புதுக் கணினியிலிருந்த ஃபைலைப் பழைய ஒஃபிஸ் 2010இல் ஓட்டினால் அங்கும் குறைந்த எண்தான். விடை கணினியோடு போகவில்லை, ஃபைலோடு போகிறது. அப்டேட் விடுதலை.

சொல்லிவிட்டால் எளிதாகத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானோர் இந்த நான்கு ஓட்டங்களைச் செய்வதில்லை. பழைய கணினியைக் கழித்துக்கட்டிய பிறகுதான் சந்தேகமே வரும், அப்போது ஒப்பிட ஒன்றும் இருக்காது. பழைய பதிப்பில் ஓட்டிய ஒரு ஃபைலும் அதன் விடையும் சேர்த்து வைத்திருந்தால், எந்த அப்டேட் வந்தாலும் முதலில் அதை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஜெனலெக்ஸோடு வரும் பயிற்சித் தரவையும் இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் வெளிச்சத்தில்

ஃபைலில் எங்கே வேறுபாடு? எதிருரு நிரல்களின் கூட்டுத்தொகையைப் பார்த்தோம், இரண்டிலும் ஒன்றே. 0 எண்ணிக்கையும் ஒன்றே. ஆகத் தரவு தொலையவில்லை.

மேற்பார்வையாளர்தான் இரண்டு பிசிஓஏ படங்களையும் அச்சடித்து எடுத்து வந்தார். மாதிரிகளுக்கு இடையிலான மரபணுத் தூரத்தை வைத்து ஒவ்வொன்றையும் புள்ளியாக இடும் படம் அது. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தார். வெளியே மழை விட்டிருந்த நேரம், வெளிச்சம் போதுமாக இருந்தது. புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. ஒன்றுகூட நகரவில்லை. நிறம் மட்டும் மாறியிருந்தது. கிளோன்கள் நெருங்கி நின்ற மூலையில் முதல் படத்தில் எல்லாம் பச்சை. இரண்டாம் படத்தில் அதே மூலையில் திம்புள்ளையின் நீலம் சில. ஊவாவின் புள்ளிகள் பரவிய இடத்தில் பச்சை சில. "படத்தின் அச்சுக்கோடு சில சமயம் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டு வரும், அது தப்பில்லை. இதில் அதுகூட இல்லையே" என்றார்.

அந்தப் படம் குடித்தொகைப் பிரிவினையைக் கேட்பதில்லை. தூரங்கள் சரி, ஆகவே புள்ளிகள் சரி. யார் எந்தக் கூட்டம் என்ற கணக்குத்தான் பிசகியிருக்கிறது.

ஷீட்டின் முதல் நிரலுக்குப் போனோம். விதைச் செடிகளுக்கு ஏ01, பி01, சி01 என்ற வரிசையில் பெயர். கிளோன்களில் டிஆர்ஐ என்று தொடங்குபவை 17. மீதி ஏழு பழைய தெரிவுகள்: டிடி 1, என்ஏவை 3, சிவை 9, எஸ் 106, எச் 1/58, கென் 16/3, ஏஎஸ்எம் 4/10. படத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று மறைக்கின்றன என்பதற்காக இந்த ஏழுக்கும் முன்னெழுத்தை வேறொரு நிரலுக்கு மாற்றி எண்ணை மட்டும் விட்டிருந்தார் மாணவி. மூல ஃபைலில் அந்த நிரல் எழுத்து வடிவத்தில் இருந்ததால் 4/10 என்பது 4/10 ஆகவே கிடந்தது.

புது ஃபைலில் நான்காம் நிரையிலிருந்து இப்படி இருந்தது: 1, 3, 9, 106, ஜன-58, 16-மார்ச், 04-ஒக். ஏழும் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றன. எட்டாவதாக ஏ01, இடது ஓரத்தில். எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைக்கும். அந்தக் கோணல் தெரிந்த உடனே மிச்சக் கதை தெரிந்துவிட்டது.

ஃபைல் போய்வந்த வழி

இடையில் ஒரு நாள் மாணவி அதே தரவை இன்னொரு மென்பொருளில் ஓட்டித் தர ஒரு நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பியது சிஎஸ்வி வடிவில். சிஎஸ்வி வெறும் எழுத்து ஃபைல். இந்த நிரல் எழுத்து, அந்த நிரல் எண் என்ற குறிப்பெல்லாம் அதில் தங்காது. நண்பர் அதை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தார். 4/10 நாள்-மாதம் என்ற வரிசைப்படி ஒக்டோபர் 4 ஆனது. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியென்றால் அதே பெயர் ஏப்ரல் 10 ஆகியிருக்கும். 1/58 என்பது 1958 ஜனவரி ஆனது. பிறகு பெயர்வாரியாக வரிசைப்படுத்தினார். எக்செல்லின் ஏறுவரிசையில் எண்கள் முதலில், எழுத்துகள் பிறகு. திகதியும் உள்ளுக்குள் எண்தான். கடைசிக் குடித்தொகையிலிருந்த ஏழு கிளோன்கள் தலைக்கு ஏறின.

திரும்பி வந்த ஃபைலிலிருந்து பெயர்களையும் எதிருருக்களையும் மட்டும் வெட்டி, தயாராக இருந்த ஜெனலெக்ஸ் அமைப்பில் ஒட்டினார்கள். இரண்டாம் நிரலில் குடித்தொகைப் பெயர்கள் ஏற்கெனவே இழுத்து நிரப்பப்பட்டிருந்தன, அவை அசையவில்லை. முதல் நிரையில் 24, 24, 24, 24. ஆட்-இனின் கண்ணுக்கு எல்லாம் பொருந்துகிறது. முதல் கூட்டத்தில் ஏழு கிளோனும் 17 விதைச் செடியும். அங்கிருந்து தள்ளப்பட்ட ஏழு விதைச் செடிகள் இரண்டாம் கூட்டத்தில். இப்படியே சரிந்து கடைசியில் ஏழு ஊவாச் செடிகள் கிளோன்களோடு உட்கார்ந்தன. ஒவ்வொரு கூட்டமும் கலப்படம் ஆனால் கூட்டங்களுக்கு இடையே வேற்றுமை குறையத்தானே செய்யும். மோசமான விஷயம், குறைந்த அந்த எண்ணும் நம்பக்கூடியதாகவே இருந்தது. பழைய விடை கையில் இல்லாதிருந்தால் ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

ஷீட்டிலேயே திருத்திவிடலாம் என்று ஒருவர் அந்தக் கட்டங்களைப் பொது வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தார். ஜன-58 இருந்த இடத்தில் 21186 என்று வந்தது. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என வைத்து எக்செல் எண்ணும் நாள்கணக்கு அது. மூலப் பெயர் அழிந்த பிறகு வடிவத்தை மாற்றினால் திரும்பாது. பழைய ஃபைலிலிருந்துதான் மீட்டோம்.

உலகத்துக்கு இது புதிதல்ல. மார்ச்1, செப்ட்2 என்று பெயர்கொண்ட மனித மரபணுக்கள் எக்செல்லில் திகதியாவது பற்றி 2004இலேயே எழுதினார்கள். எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். தேயிலைக் கிளோன்களுக்கு யார் பெயர் மாற்றப் போகிறார்கள்? 2023இல் எக்செல் தானாக மாற்றுவதை நிறுத்தும் தெரிவு ஒன்று வந்தது. ஆனால் அது மார்ச்1 போல எழுத்தும் எண்ணும் ஒட்டிய பெயர்களுக்கானது. சாய்கோடு போட்ட 4/10க்கு அதை நம்பி இருக்க முடியாது. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டாலும் திகதிதான்.

இதே வகையில் இன்னொன்றும் இருக்கிறது, தட்டு வேலை செய்பவர்களுக்கு உதவும். 96 குழித் தட்டில் நிரைகள் ஆங்கில ஏ முதல் எச் வரை. தட்டு எண்ணையும் குழியையும் சேர்த்துப் பெயர் வைத்தால் ஐந்தாவது நிரை, அதாவது ஈ நிரை மட்டும் கெடும். முதல் தட்டின் ஈ5, அதாவது 1E5, என்பதை ஒன்றுடன் ஐந்து சைபர் என்று எக்செல் வாசித்து ஒரு லட்சமாக்கிவிடும். மற்ற ஏழு நிரைகளும் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது செய்வது

மாதிரிப் பெயர் இனி அதன் குடித்தொகைக்கான எழுத்தில்தான் தொடங்கும், சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு, முன்னெழுத்தைப் பிரிப்பதில்லை. படத்தில் நெருக்கமாகத் தெரிந்தால் படத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். குடித்தொகை நிரலை இழுத்து நிரப்புவதை நிறுத்தினோம். மாதிரிப் பெயரின் முதல் எழுத்தை எடுத்துத் தரும் சூத்திரம் அங்கே நிற்கிறது, ஆகவே பெயர் நகர்ந்தால் குடித்தொகையும் கூடவே நகர்ந்து காட்டிக்கொடுக்கும். எண்ணாகிப்போன பெயர் அங்கே எண்ணாகவே தலைகாட்டும். முதல் நிரையின் எண்ணிக்கைகளை மட்டும் சூத்திரத்தால் எண்ண வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நம் நிகழ்வில் அது எதையும் பிடித்திருக்காது, எண்ணிக்கை கடைசி வரை சரியாகத்தான் இருந்தது. சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்யாமல் தரவு மெனு வழியாக, பெயர் நிரலை எழுத்து என்று குறித்துக் கொண்டுவருகிறோம்.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தையும் கைவிட்டோம். அதில் 256 நிரல்கள்தான். பெயருக்கும் குடித்தொகைக்கும் இரண்டு போனால் 127 மார்க்கருக்கு மேல் இடமில்லை. நிரைகள் 65,536. இங்கிலாந்தில் 2020இல் அந்த வடிவத்தின் எல்லையில் இடித்து 15,841 கொவிட் நோயாளர்கள் கணக்கில் சேராமல் தாமதித்தது நினைவிருக்கலாம். 2007க்குப் பிறகான வடிவத்தில் 16,384 நிரல்கள், 10,48,576 நிரைகள்.

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கே போய்விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடிஜெனெட், பாப்பர் போன்ற தொகுப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன, அங்கே சிஎஸ்வியை வாசித்தால் 4/10 திகதியாகாது. ஆனால் அந்தச் சிஎஸ்வி அதற்கு முன்பே யாரோ ஒருவருடைய எக்செல்லில் திறந்து மூடப்பட்டிருந்தால் ஆர் மொழிக்கும் ஒக்டோபர்தான் கிடைக்கும். என் கருத்தில் முதலாண்டு மாணவருக்கு ஜெனலெக்ஸ் நல்ல தொடக்கம். எண்கள் கண்ணெதிரே கட்டத்தில் இருப்பது கற்றுக்கொள்ள உதவுகிறது. ஆய்வேட்டின் இறுதி எண்களை இரண்டு வழியிலும் ஓட்டிப் பொருத்திப் பார்ப்பது மேல்.

மாணவி மூல ஃபைலில் பெயர்களைத் திருத்தி இரண்டு கணினியிலும் மறுபடி ஓட்டினார், எண்கள் பொருந்தின. நண்பர் ஓட்டிக் கொடுத்த மற்ற மென்பொருளின் முடிவையும் தூக்கிவிட்டு, திருத்திய ஃபைலில் மறுபடி ஓட்டினார். செய்முறை அத்தியாயத்தில் ஆட்-இன் பதிப்பு, எக்செல் பதிப்பு, 32-பிட்டா 64-பிட்டா என்பதை ஒரு வரியில் சேர்த்திருக்கிறார். பழைய கணினியின் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த மாணவரின் தரவு வரும் வரை அலமாரியில் வைத்திருக்கிறோம்.